குரல் கொடுத்துவிட்டுக் கொட்டு

ஃபிராங்க்ளின் ஒரு பார்சலைப் பதிந்து முடிக்கிறபோது, அதைக் கொண்டுவந்தவர் இன்னும் ஆட்டோவை விட்டே இறங்கியிருக்கமாட்டார் என்று பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். இறங்கியிருப்பார், மீட்டருக்கு மேலே கேட்ட ஆட்டோக்காரரோடு சண்டைதான் முடிந்திருக்காது. விசைப்பலகையின் மேல் அணில் குட்டிகளை அவிழ்த்துவிட்டது போலிருக்கும் அந்த விரல்கள். அவர் அடிக்கிற வேகத்தில் வரும் காற்றே போதும் என்று கவுண்டரில் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள் என்பான் பக்கத்து இருக்கைச் சரவணன். அதை மட்டும் நம்பவேண்டாம்.

அந்த விரல்களைப் பற்றி எல்லாரையும் விட அதிகம் தெரிந்தவள் பியாட்ரிஸ். அவர் மனைவி. அதைவிட முக்கியம், அவர் இத்தனை வருஷமாக எந்த புரோகிராமில் பார்சல் பதிகிறாரோ, அதை எழுதியவளே அவள்தான்.

பாலிடெக்னிக் டிப்ளமோ வாங்கிய கையோடு அவளை மூவாறு பார்சல் சர்வீஸுக்குக் கூப்பிட்டவர் இராஜமாணிக்கம் முதலாளி. சேலத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. அப்போது கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும்தான். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. திரையில் கட்டம் போடுவது, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவது எல்லாவற்றையும் எழுத்துகளை வைத்தே செய்யவேண்டும். அந்த வேலைக்கென்று ஒரு லைப்ரரி இருந்தது. அதன் பெயர் கர்சஸ். திரையில் மினுக்கும் கர்சரை வைத்து யாரோ வேடிக்கையாக வைத்த பெயர். ஆனால் இங்கிலீஷில் அதற்குச் சாபங்கள் என்றும் பொருள். பியாட்ரிஸின் அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் சரியாக அதுவரைக்கும் இருந்தது.

"ஏன்டி, ஆபீஸ்ல இன்னாத்த வச்சு வேலை செய்யிற?"

"கர்சஸ்மா."

"சேசு மரி சூசை! உன்னைப் படிக்க வச்சது ஊரான் மேல சாபம் வுடறதுக்கா?"

மறுநாளே ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு பாட்டில் தீர்த்தத்தோடு அம்மா பார்சல் ஆபீஸுக்கு வந்துவிட்டாள். மகள் வெட்கத்தில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, முதலாளியோ பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கினார். "எந்த சாமியா இருந்தா இன்னாம்மா, மெஷின் கெடாம ஓடணும்" என்று சொல்லி அவரே தெளித்தார். தாராளமான மனசு, தாராளமான கை. விசைப்பலகைக்குள் தீர்த்தம் இறங்கி அன்று முழுக்க E விசை வேலை செய்யவில்லை. அன்றைக்கு ஈரோட்டுக்குப் பார்சலே போகவில்லை.

அந்த லைப்ரரியின் பின்கட்டில், பெரிய வேலைகளுக்கு ஓரமாக, எடுபிடி வேலைக்கென்றே சில குட்டிச் செயல்கள் இருந்தன. எந்த விசையை அழுத்தினார்கள் என்று பெயர் சொல்ல ஒன்று. கண்ணுக்குத் தெரியாத கண்ட்ரோல் எழுத்துகளுக்குத் தலையில் குல்லா மாட்டிக் கண்ணுக்குக் காட்ட ஒன்று. திரையில் இருப்பதை அப்படியே சுருட்டிக் கோப்பில் வைக்க ஒன்று. பியாட்ரிஸுக்கு இவற்றின் மேல்தான் பிரியம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பாயசம் கிளறுகிறவரைப் பார்க்கிற ரகம் அவள். அந்தக் கூட்டத்தில் ஃப்ளஷ் என்று ஒன்று. தட்டிய எழுத்துகள் திரைக்கு வரக் காத்து வரிசையில் நிற்குமல்லவா, அந்த வரிசையை அப்படியே கொட்டிவிடுவதுதான் அதன் வேலை. ஆள் ஏதாவது தப்பாக அடித்தால் பின்னால் நிற்கும் எழுத்தெல்லாம் தப்பான கட்டத்தில் போய் விழுமே என்று, தப்பு வரும் இடத்திலெல்லாம் அதைக் கூப்பிட்டு வைத்திருந்தாள்.

புரோகிராம் ஓடத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நெட்டையாக ஒருவர், முழுக்கை வெள்ளைச் சட்டையில், அவள் மேசை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், உங்க புரோகிராம் என் எழுத்தைத் திங்குது."

"எழுத்தை யாரு சார் திங்கிறாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். அடிச்சேன். காணோம்."

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். திரை முதல் கட்டத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருக்க, மனிதர் கடைசிக் கட்டத்துக்கான எழுத்தை அடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்கவே இல்லை. காக்ஸ் டவுன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விசைகளை மேலே துணி போட்டு மூடிவைத்து, கீழே பார்த்தவன் விரலில் ஸ்கேலால் அடித்துப் பழக்கிய கை. வரி முடியப் போகிறது என்று மெஷின் மணியடித்துச் சொல்லும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

"சார், தப்பா அடிச்சிட்டா, அதுக்கப்புறம் நீங்க அடிச்சு வச்சதெல்லாம் ஆத்து மணல்ல கட்டின வீடு. அதான் கொட்டிடுது."

"கொட்டட்டும் மேடம், யாரு வேணான்னாங்க? கொட்டறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுக்கக் கூடாதா? எங்க தெருவுல குப்பை அள்றவர்கூட விசில் ஊதிட்டுத்தான் வர்றாரு."

அவள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்று மத்தியானமே ஃப்ளஷ் இருந்த எல்லா இடத்திலும் அதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்தாள். பீப் என்று ஒரே ஒரு சொல். தப்பு வந்தால் முதலில் ட்டிங், அப்புறம் கொட்டல். முதல் ட்டிங் கேட்டதும் ஃபிராங்க்ளின் மோட்டுவளையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்கு வரிசையில் நின்ற எழுத்தெல்லாம் கொட்டிப்போயிற்று.

அதற்குப் பிறகு அவர் ஏன் அவ்வளவு தப்பு அடித்தார் என்பதை இராஜமாணிக்கம் முதலாளி வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார். "யோவ், நீ வேணும்னே மணி அடிக்கிற. போய் அவங்க அம்மா கிட்ட பேசுய்யா. பாட்டிலோட வந்துரப் போறாங்க."

கல்யாணத்துக்குப் பின் அந்த ட்டிங் வீட்டுக்கும் வந்துவிட்டது. சண்டை முற்றி இனி ஒரு சொல்லும் காதில் ஏறாது என்கிற கட்டம் வந்தால், பியாட்ரிஸ் எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் ஒருமுறை தட்டுவாள். ட்டிங். இனிமேல் சொல்வதெல்லாம் கொட்டப்படும் என்று அர்த்தம். ஃபிராங்க்ளின் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு தேங்காய் வாங்கக் கிளம்பிவிடுவார். தேங்காய் இருந்தாலும்.

பச்சைத் திரைகள் போய்ச் சாதாரண கம்ப்யூட்டர்கள் வந்தன. அதற்குள்ளும் ஒரு சன்னலில் அதே கறுப்புத் திரை, அதே புரோகிராம். முதலாளி காலமாகி, மகள் தர்ஷினி பொறுப்பேற்றாள். சின்ன வயதில் மூட்டைகளின் மேல் தூங்கியவள். இப்போது காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க யாரோடோ பேசுகிறவள். புரோகிராமை அவள் மாற்றவில்லை. ஓடுகிற மாட்டை விற்பானேன் என்பது அப்பாவிடம் கற்றது. வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்த பியாட்ரிஸ், எப்போதாவது கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

இந்த டிசம்பரில்தான் பார்சல்கள் ஊர் சுற்றத் தொடங்கின.

வேலூருக்குப் போகவேண்டிய கிறிஸ்மஸ் கேக் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் போய் இறங்கியது. கடைக்காரர் யாரோ வாடிக்கையாளர் அன்பாக அனுப்பினார் என்று நினைத்துப் பதிலுக்கு ஒரு புடவை அனுப்பிவிட்டாராம். திருவண்ணாமலை மடத்துக்கான வெண்கல மணிகள் ஒசூரில் ஒரு கோழிப்பண்ணைக்குப் போயின. சேலத்துக் கல்யாண ஆல்பம் ஒன்று கோயம்புத்தூருக்குப் போய், அந்த வீட்டுப் பையன் ஆல்பத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்து மயங்கி, ஜாதகம் வரைக்கும் போய்விட்டது என்றான் சரவணன். நம்புகிறவர்கள் நம்பலாம்.

எல்லாம் ஃபிராங்க்ளின் பதிந்தவை.

ஒரு காலை தர்ஷினி போன் செய்தாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அங்கிளுக்கு வயசாயிடுச்சு. கிறிஸ்மஸ் முடிஞ்சதும் அவரை கோடவுன் கேட்ல உக்கார வச்சிடலாம்னு இருக்கேன். சம்பளம் கொறையாது. கவுண்டர் மட்டும் வேணாம்."

"அவர் கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொன்னேன். 'சரிம்மா'ன்னுட்டாரு. அதான் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பியாட்ரிஸுக்கும் ஒரு மாதிரி ஆயிற்று. சாப்பாட்டில் உப்புக் கம்மி என்பதற்கே மூன்று வாக்கியம் பேசுகிற மனிதர், உயிரான இருக்கை போகிறது என்பதற்கு ஒரே சொல் சொன்னாரென்றால் அதில் ஏதோ இருக்கிறது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆபீஸில் அதே சாக்கு வாசனை, புளி வாசனை, ஏதோ ஒரு மூட்டையிலிருந்து கசியும் மல்லிகை. சரவணனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"கேக் பார்சலுக்கு முன்னாடி அவரு பதிஞ்சது எந்த ஊருக்கு?"

அவன் தட்டிப் பார்த்தான். "காஞ்சிபுரம்க்கா."

"மடத்து மணிக்கு முன்னாடி?"

"ஒசூரு." அவன் நிமிர்ந்தான். "ஆல்பத்துக்கு முன்னாடி கோயம்புத்தூரு. அக்கா, இது இன்னாக்கா மாயம்? மந்திரம் கிந்திரம் போட்டீங்களா?"

"எங்கம்மா இருந்திருந்தா ஒரு பாட்டில் தெளிச்சிருப்பா."

மாயமொன்றும் இல்லை. வரிசையாக ஒரே ஊருக்குப் பார்சல்கள் வரும் நாட்களுக்காக அவளே செய்துவைத்த வசதி அது: ஊர்க் கட்டத்தில் முந்தைய ஊர் தயாராக நிற்கும். புது ஊரைத் தப்பாக அடித்தால் ட்டிங் என்று சொல்லி, பின்னால் நிற்பதைக் கொட்டிவிட்டு, பழைய ஊரையே காட்டியபடி காத்திருக்கும். ட்டிங் கேட்டவர் நிறுத்தித் திரும்ப அடிப்பார். கேட்காதவர் என்டரைத் தட்டினால் பழைய ஊர்தான் சீட்டில் அச்சாகும். ரசீதில் ஊர்ப்பெயரைப் படித்துப் பார்க்கிற வாடிக்கையாளர் பெங்களூரில் இன்னும் பிறக்கவில்லை.

அப்படியானால் ட்டிங் எங்கே போயிற்று?

"அதுவா? போன மாசம் நிறுத்திட்டாங்கக்கா. சின்ன முதலாளியம்மா போன்ல பேசும்போது இடையில ட்டிங் ட்டிங்னு பேஜாரா இருக்குதாம். சத்தத்துக்குப் பதிலா இப்ப லைட்டு அடிக்கும். ஸ்க்ரீன் முழுக்க வெள்ளையா ஒரு வெட்டு. சும்மா வுடுங்க, மின்னல் மாதிரி இருக்கும், குருடனுக்குக்கூடத் தெரியும்."

பியாட்ரிஸ் போய்க் கணவருக்குப் பின்னால் நின்றாள். அணில்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு விரல் வழுக்கிற்று. திரை முழுவதும் பளீரென்று வெள்ளையாகி மறைந்தது; அந்த வெளிச்சம் சுவரில் தொங்கிய மாதா படம் வரைக்கும் போய்த் திரும்பிற்று. ஃபிராங்க்ளினின் விரல்கள் நிற்கவில்லை. என்டர். சீட்டு அச்சாகி வெளியே வந்தது. இன்னொரு பார்சல் கிருஷ்ணகிரியில் இறங்கத் தயாராயிற்று.

அவள் சுற்றிக்கொண்டு போய்த் திரைக்குப் பக்கத்தில், அவர் முகத்துக்கு நேராக நின்றாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு, சரவணாவா?" என்றார் ஃபிராங்க்ளின். "கொஞ்சம் தள்ளிக்கப்பா. வெளிச்சத்தை மறைக்கிற."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பதை ஏன் விட்டார், ஏன் காலையில் பேப்பரை அவளையே படிக்கச் சொல்லி 'உன் குரல் கேட்டாத்தான் காபி எறங்குது' என்று கொஞ்சினார், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அந்தக் கொஞ்சலில் அவள் எவ்வளவு பெருமைப்பட்டாள்! பெரிய கைகாரர்தான்.

"நான்தாங்க" என்றாள்.

விரல்கள் அப்போதுதான் நின்றன.

எதிர்ப்புறத்து டீக்கடையில் பெஞ்சு ஓரமாக உட்கார்ந்தார்கள். அவர் டம்ளரைக் கையால் தேடி எடுத்ததை அவள் இன்றுதான் பார்த்தாள்.

"எவ்ளோ நாளா?"

"நாளா?" அவர் சிரிக்கப் பார்த்தார். "புகை மாதிரி இருந்துச்சு. அப்புறம் பாலு மாதிரி. விரலுக்குத் தெரியும்ல பியா. காது இருக்கு. மணி அடிச்சா நிறுத்துவேன், அடிக்கலைன்னா ஓட்டுவேன். எவனுக்கும் தெரியல."

"எனக்குமா?"

அவர் டீயைக் குடித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்ல?"

"போனா கண்ணுல கட்டு போட்டு உக்கார வச்சிருவாங்க. அந்த நேரத்துல அந்தப் பொண்ணு என் எடத்துல வேற ஆளைப் போட்டுடும். அப்புறம் நான் கண்ணை வச்சுட்டு இன்னா பண்றது? டிவி பாக்கவா?" குரலைத் தாழ்த்தினார். "மணியை மட்டும் திரும்பப் போட்டுடு. உனக்கு ஒரு நிமிஷ வேலை. நாளைலேர்ந்து ஒரு பார்சல் தப்பாது. கேட்டு விஷயத்தை அந்தப் பொண்ணு அப்படியே மறந்துடும். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம். போடு பியா."

ஒரு நிமிஷ வேலைதான். கம்ப்யூட்டர் அமைப்பில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். முன்பு ஒரு மத்தியானம் அவர் கேட்டார் என்று எத்தனையோ இடத்தில் ஒரு சொல் சேர்த்தவள், இந்த ஒரு டிக்கைப் போட்டால் இருக்கை பிழைக்கும். கண்ணில் மிச்சமிருக்கும் பார்வையும் யாருக்கும் தெரியாமல் போகும். போடாமல் வாயைத் திறந்தால் இருக்கை இன்றைக்கே போகும்.

அவள் டம்ளரை எடுத்தாள். கடைக்காரரின் ஸ்பூனை எடுத்து அதில் தட்டினாள். ட்டிங்.

"பியா, கேளு..."

"கேக்கமாட்டேன். கொட்டியாச்சு."

தேங்காய் வாங்க அந்தப் பக்கம் கடையும் இல்லை. அவர் உட்கார்ந்தே இருந்தார். அவள் தெருவைக் கடந்து நேராகத் தர்ஷினியின் கேபினுக்குள் போய், இரண்டையும் சொன்னாள்: மணியை நிறுத்தியதால் வந்த தப்பு, மணியால் இத்தனை நாள் மறைந்திருந்த கண். தர்ஷினி காதுக் கருவியைக் கழற்றிவைத்துக் கேட்டாள். அவள் முகம் சின்ன வயதில் மூட்டையிலிருந்து விழுந்தபோது இருந்ததுபோல் ஆயிற்று. ஆனாலும் முதலாளி மகள்.

"சத்தத்தை இப்பவே போடச் சொல்றேன் ஆன்ட்டி. அது என் தப்பு. ஆனா பாக்க முடியாதவரை கவுண்டர்ல வச்சுக்க முடியாது. ஆபரேஷன் பண்ணிட்டு வரட்டும். வந்து முன்ன மாதிரி அடிச்சா அந்த சீட்டு அவருது. இல்லைன்னா கோடவுன் கேட்டுதான். அப்பா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு."

"அவரு இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருப்பாரு" என்றாள் பியாட்ரிஸ்.

ஜீவனஹள்ளி போய்ச் சேரும் வரை ஃபிராங்க்ளின் பேசவில்லை. கிறிஸ்மஸ் பூசைக்கும் பேசாமலே வந்து, பேசாமலே கேக் சாப்பிட்டார். கண்புரைதான், கொஞ்சம் முற்றிவிட்டது என்றார் டாக்டர். முதலில் ஒரு கண், ஒரு வாரத்தில் மற்றது. கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் கிடந்த நாட்களில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் விரல்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருக்கும். அவள் எட்டநின்று பார்ப்பாள். எந்த ஊருக்கோ பார்சல் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடி கழன்ற காலையில்தான் முதல் பேச்சு வந்தது.

"உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சுது?"

"நீங்க பாக்காதப்ப."

"சொல்லக்கூடாதா?"

"எதுக்கு? பாத்து இன்னா பண்ணியிருப்பீங்க, சாயம் அடிச்சு விட்டிருப்பீங்களா?"

கவுண்டருக்குத் திரும்பிய நாளில் அவளும் கூடப் போனாள். பொங்கல் நேரம், வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஃபிராங்க்ளின் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். அவ்வளவுதான், குட்டிச்சுவராயிற்று. கண் கிடைத்த மனிதர் எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஒரு எழுத்து அடிப்பார், அது திரைக்கு வந்ததா என்று பார்ப்பார். அடுத்ததை அடிப்பார். நடுவில் கட்டத்தின் கோடு நேராக இருக்கிறதா என்று வேறு தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அணில்கள் நத்தைகளாகிவிட்டன.

"ஓய் அண்ணா, பொங்கலுக்குள்ள கரும்பு போய்ச் சேருமா?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "இல்லாட்டி இங்கயே கடிச்சுட்டுப் போயிடறோம்."

கேபின் கண்ணாடிக்குப் பின்னால் தர்ஷினி எழுந்து நின்றுவிட்டாள். ஃபிராங்க்ளின் அதைப் பார்த்தார். இப்போது அதுவும் நன்றாகத் தெரிந்தது.

பியாட்ரிஸ் கவுண்டர்மேல் குனிந்தாள். "கண்ணை மூடுங்க."

"மூடறதுக்கா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போன?"

"அது என்னைப் பாக்கறதுக்கு. இது பார்சல் பதியறதுக்கு. மூடுங்கன்னா."

அவர் முறைத்தார். ரொம்ப நாள் கழித்துச் சரியாக அவள் முகத்தின் மேலேயே விழுந்த முறைப்பு. பிறகு முகத்தை மோட்டுவளைக்குத் தூக்கி, கண்ணை மூடி, விரல்களை விசைகளின் மேல் வைத்தார். முதலில் ஒன்று அசைந்தது, அப்புறம் இரண்டு. கரும்புக்காரரின் சீட்டு வெளியே வந்து, அவருக்குப் பின்னால் இருந்தவரின் சீட்டும் வந்து, மூன்றாமவர் ஊர்ப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு விரல் வழுக்கிற்று.

ட்டிங்.

விரல்கள் நின்றன. ஃபிராங்க்ளின் ஒற்றைக் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்து, ஊரைத் திருத்தி அடித்தார். கேபினில் போன் பேசத் தொடங்கியிருந்த தர்ஷினி முகத்தைச் சுளித்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கதவைச் சாத்திக்கொண்டாள்.